ஆறேறும் சால்மனும் அதன் உடலோடு ஏறும் நஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒரு மணிநேரம் காரோட்டி போர்ட் ஹோப் ஊருக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே கனராஸ்கா ஆற்றில் கை நீளச் சால்மன் மீன்கள் அணைக்கட்டில் மோதி விழுந்து, மறுபடியும் துள்ளி, மீன் ஏறுவதற்கென்றே பக்கத்தில் கட்டிய படிகளில் ஏறிப் போவதை நின்று பார்க்கலாம். ஒரு முறை கூட வந்த உறவினர்களிடம், "இந்த மீன் சினையை மட்டும் மேலே கொண்டுபோகவில்லை, நஞ்சையும் கொண்டுபோகிறது" என்று சொன்னேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. தொலைபேசியில், கல்யாண வீட்டில், மீன் கடை வரிசையில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன் என்கிறீர்கள். போர்ட் ஹோப்பில் கடல் எங்கே இருக்கிறது?

அங்கே கடல் இல்லை. நாம் பார்ப்பது சினூக் சால்மன். அதன் பூர்வீகம் பசிபிக் கடற்கரை. ஒன்ராறியோ ஏரியில் ஆதியிலிருந்து வாழ்ந்தது அட்லாண்டிக் சால்மன். அது 1800களின் இறுதிக்குள் அழிந்துபோனது. பின்னாளில் ஏல்வைஃப் என்ற சிறு மீன் பெரு ஏரிகளில் (ஒன்ராறியோ ஏரியும் அவற்றில் ஒன்று) அளவுக்கு மீறிப் பெருகி, செத்துக் கரையெங்கும் ஒதுங்கியது. அதைத் தின்று குறைக்க ஒரு வேட்டை மீன் வேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக்கையும் ஏரியில் விட்டது. ஒன்ராறியோ ஏரிக்கும் அவை விரைவில் வந்தன. கனராஸ்காவில் ஏறும் மீன் கடலைக் கண்டதே இல்லை. ஏரியைத்தான் அது கடலாகக் கொண்டு வளர்கிறது.

உண்மையான கடல் சால்மனைப் பார்க்க அலாஸ்காவுக்கோ பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கோ போக வேண்டும். அங்கே சாக்கை சால்மன் ஏரியில் ஓரிரு ஆண்டுகள் குஞ்சாக வளர்ந்து, கடலுக்கு இறங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் தின்று கொழுத்து, பிறந்த நீருக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகிறது. கீழே வரும் பதில்களில் இரண்டு இடங்களும் மாறி மாறி வரும்.

மீன் நஞ்சைச் சுமக்கிறது என்றால், அந்த மீனே செத்துப்போகாதா?

நஞ்சு என்றதும் பலர் வயலில் அடிக்கும் பூச்சிமருந்தை நினைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் அன்றே உயிர் போகும் வகை அது. இங்கே பேசுவது மெதுவாகச் சேரும் வகை. இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். எண்ணெய்க் கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், போகாது. அதைப்போல உடலின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டால் சிறுநீரோடு வெளியேறாது. உடலால் அதை எளிதில் சிதைக்கவும் முடியாது.

கடலில் மிதக்கும் நுண்ணிய பாசியில் துளியிலும் துளியாக இருக்கும். பாசியை ஆயிரக்கணக்கில் தின்னும் சிற்றிறாலில் அது கூடும். சிற்றிறாலைத் தின்னும் மீனில் இன்னும் கூடும். மீனைத் தின்னும் மீனில் மேலும் கூடும். இப்படிப் படிப்படியாகச் செறிவதால்தான் தண்ணீரைச் சோதித்தால் அகப்படாதது மீனைச் சோதித்தால் அகப்படுகிறது. சால்மனைக் கொன்றுவிடும் அளவுக்கு அது பெரும்பாலும் போவதில்லை. ஹார்மோன்களையும் குஞ்சின் வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பையும் கெடுப்பதே இதன் வேலை.

பொதுவாக "இரசாயனம்" என்று சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள்.

சரி. முதலாவது பி.சி.பி. மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் தீப்பிடிக்காத எண்ணெயாக 1929 முதல் தயாரிக்கப்பட்டது. உலகம் முழுவதும் பத்து இலட்சம் டன்னுக்கும் மேல் செய்தார்கள். கனடா 1977இலும் அமெரிக்கா 1979இலும் தயாரிப்பைத் தடை செய்தன. இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்த பூச்சிமருந்தான டி.டி.டி. மூன்றாவது மைரெக்ஸ், எறும்புக் கொல்லியாகவும் தீத்தடுப்பானாகவும் பயன்பட்டது. அதற்கு எங்கள் ஒன்ராறியோ ஏரிப் பகுதியில் தனிக் கதை உண்டு, பின்னால் வரும். நான்காவது மீத்தைல் பாதரசம். இது மட்டும் கொழுப்பில் தங்காமல் தசையில் தங்கும். சமையல் பற்றிய கேள்வியில் இந்த வேறுபாடு முக்கியமாகும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவு ஆற்றிலிருந்து கடலுக்குத்தானே போகும்? அது எப்படி மலையேறி வரும்?

தண்ணீருக்கு ஒரே திசைதான், பள்ளத்தை நோக்கி. மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சால்மன் தன் உடல் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கடலில்தான் சேர்க்கிறது. சில கிராம் எடையுள்ள குஞ்சாக இறங்கியது மூன்று கிலோ மீனாகத் திரும்புகிறது. அந்த மூன்று கிலோவும் கடல் கொடுத்தது. கடலில் இருந்த மாசும் அதற்குள் இருக்கிறது. ஆற்றில் நுழைந்த பின் அது எதையும் தின்பதில்லை. ஆகவே அது சுமந்து ஏறும் நஞ்சு கடலிலேயே ஏற்றிக்கொண்டது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆலையே இல்லாத மலை ஏரி, சாலைகூட எட்டாத ஏரி, அங்கும் நாம் கடலில் கொட்டியது போய்ச் சேர்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஏரியிலேயே பிறந்த மீன்.

அலாஸ்கா ஆய்வு என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அதில் உண்மையில் என்ன கண்டுபிடித்தார்கள்?

ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவா க்ரூமெல், ஜூல்ஸ் பிளே ஆகியோர் அடங்கிய குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. அலாஸ்காவின் தென்மேற்கில் சாக்கை சால்மன் முட்டையிடும் ஏரிகளின் அடி வண்டலை எடுத்து அதிலுள்ள பி.சி.பி.யை அளந்தார்கள். ஏரிக்கு ஏரி சால்மனின் எண்ணிக்கை பெரிதும் மாறுபடும். சில ஏரிகளுக்கு மீனே ஏற முடியாது, இடையில் அருவி தடுக்கும். வேறு சில ஏரிகளில் தண்ணீர் சிவக்கும் அளவுக்கு மீன் வந்து குவியும்.

மீன் நெருக்கமாக வரும் ஏரிகளின் வண்டலில் பி.சி.பி. ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. அந்த ஏரிகள் எல்லாமே ஆளரவமற்ற இடத்தில் உள்ளவை, ஒரே வானத்தின் கீழ் உள்ளவை. மீனின் எண்ணிக்கை கூடக் கூட வண்டலின் நஞ்சும் கூடியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த கேள்வி சரியான கேள்வி. ஆய்வாளர்களும் அதைக் கேட்டுப் பார்த்தார்கள்.

காற்றில் வந்து விழுந்த நஞ்சாக இருக்கக் கூடாதா?

காற்றிலும் வருகிறது. வெப்பமான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடியும் ஆவியாகி, வெட்டுக்கிளி தாவுவதுபோல இப்பொருள்கள் துருவம் வரை போகும். மீன் ஏறாத ஏரிகளில் இருந்த சிறிதளவு பி.சி.பி. அப்படி வந்ததுதான். அந்த அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது மீன் கொண்டுவந்தது.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. கடலில் வளர்ந்த சால்மனின் உடலில் நைட்ரஜன்-15 என்னும் கனமான நைட்ரஜன் கூடுதலாக இருக்கும். ஏரி வண்டலில் அது கூடியிருந்தால் அங்கே கடல் மீன் செத்து மக்கியிருக்கிறது என்று பொருள். (இதே அடையாளத்தை வைத்து அலாஸ்கா ஏரி வண்டலிலிருந்து 2,200 ஆண்டுகளின் சால்மன் வரலாற்றையே படித்திருக்கிறார்கள். ஏட்டுச்சுவடி படிப்பதைப்போன்ற வேலை அது.) மற்றொன்று, பி.சி.பி. என்பது ஒரே பொருள் கிடையாது, இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் குடும்பம். காற்றில் வருவதில் ஒரு கலவை, மீனில் இருப்பதில் இன்னொரு கலவை. 1998இல் வெளியான காப்பர் ஆற்று ஆய்வு இதைத்தான் பயன்படுத்தியது. கடலிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, சால்மன் வரும் ஏரியில் வாழும் கிரேலிங் என்ற உள்ளூர் மீனையும் சால்மன் வராத ஏரியின் கிரேலிங்கையும் ஒப்பிட்டார்கள். முதல் ஏரி மீனில் மாசு இரு மடங்குக்கும் மேல். அதன் கலவையும் சால்மனின் கலவையை ஒத்திருந்தது. அந்தக் கிரேலிங் கடல் பக்கம் போனதே இல்லை.

ஒரு மீனில் துளிதானே இருக்கும்? அதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?

துளிதான். கணக்குக்காக ஒரு மீனில் 30 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாது. பத்து இலட்சம் மீன் ஏறினால் 30 கிராம். இது ஒரே ஆண்டில், ஒரே ஏரியில். அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022இல் திரும்பிய சாக்கை சால்மன் ஏழு கோடிக்கும் மேல்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றில் ஏறும்போது மீன் பட்டினி கிடக்கிறது. சேமித்த கொழுப்பை எரித்துத்தான் நீந்துகிறது. கொழுப்பு எரியும், அதில் கரைந்திருக்கும் நஞ்சு எரியாது. குழம்பு வற்ற வற்ற உப்புக் கரிப்பதுபோல எஞ்சிய கொழுப்பில் நஞ்சு செறிந்துகொண்டே போகும். முட்டையிடும் இடத்தை அடையும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். முட்டையும் கொழுப்பு நிறைந்தது, ஆகவே அதற்குள்ளும் போய்விடும்.

சரி, மீன் செத்துப்போகிறது. அதோடு கதை முடிந்துவிடாதா?

அங்கேதான் தொடங்குகிறது. செத்த சால்மனைக் காடே தின்கிறது. கரடி, கழுகு, காக்கை, ஈப்புழு, நண்டு, நீர்ப்பூச்சி, ஆற்றிலேயே வாழும் டிரவுட் மீன் எல்லாவற்றுக்கும் அது பெருவிருந்து. இலையுதிர் காலத்தில் டிரவுட் சால்மன் முட்டைகளை வயிறு புடைக்கத் தின்னும். மிச்சிகன் ஓடைகளில் செய்யப்பட்டு 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏரிக்குப் போகாத ஓடை மீன்களுக்குள் இந்த முட்டைகள் வழியாகவே மாசு ஏறுவதைக் காட்டியது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரிஸ்லி கரடிகளைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். சால்மன் தின்னும் கரடிகளும் உண்டு. உள்நாட்டில் கிழங்கும் பழமும் தின்று வாழும் கரடிகளும் உண்டு. சால்மன் தின்னும் கரடியின் உடலிலிருந்த பி.சி.பி.யில் ஏறத்தாழ 90 விழுக்காடும், டி.டி.டி. போன்ற குளோரின் பூச்சிமருந்துகளில் 70 விழுக்காடும் சால்மன் வழியாக வந்தவை. அந்தக் கரடி எந்தத் தொழிற்சாலைக்கும் பக்கத்தில் போனதில்லை.

நம் ஒன்ராறியோ ஏரியில் இதற்குச் சான்று இருக்கிறதா, எல்லாம் அலாஸ்காவில்தானா?

இருக்கிறது, அதுவும் கைரேகைபோலத் தெளிவான சான்று. முன்பு சொன்ன மைரெக்ஸ் இங்கே வருகிறது. அதைக் கையாண்ட ஆலைக் கழிவு நயாகரா ஆற்றின் வழியாகவும் ஆஸ்வீகோ ஆற்றின் வழியாகவும் ஒன்ராறியோ ஏரிக்குள் இறங்கியது. 1974இல் அதே ஏரியின் குவின்டே விரிகுடாவில் பிடித்த மீன்களில் அது இருப்பது முதன்முதலாக வெளியே தெரிந்தது. மேலேயுள்ள மற்றப் பெரு ஏரிகளில் அது ஏறத்தாழ இல்லை. ஆகவே இந்தப் பகுதியில் மைரெக்ஸ் எங்கே தென்பட்டாலும் அது ஒன்ராறியோ ஏரியிலிருந்து போனது என்று ஊகிக்கலாம். மருதாணிக் கை அரிசிப் பானைக்குள் போனதைச் சிவந்த அரிசி காட்டிக்கொடுப்பது மாதிரி.

1980களில் நியூயார்க் மாநிலக் கரையில் ஏரியில் விழும் ஓடைகளை ஆராய்ந்தவர்கள், அணை எதுவுமில்லாத பகுதிகளில் சால்மனோடு மைரெக்ஸும் மேலே போயிருப்பதைக் கண்டார்கள். அந்த ஓடைகளுக்கு அதைக் கொட்டியவர் யாரும் இல்லை.

அண்ணா, மேலே ஏறுவதைச் சொன்னீர்கள். ஏரியிலிருந்து கடலுக்கு இறங்கும் மீன் இதையே செய்யாதா?

செய்யும். அதே மைரெக்ஸ்தான் அதையும் காட்டிக்கொடுத்தது. இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. அவருக்கு விலாங்கைப் பற்றிச் சொன்னவுடன் புரிந்துவிட்டது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம் முன்னோர் சொன்னார்கள். சால்மனுக்கு எல்லாமே தலைகீழ் விலாங்கு. அமெரிக்க விலாங்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாக செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறி, ஒன்ராறியோ ஏரியில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் தின்று கொழுக்கும். பிறகு வெள்ளி நிறமாகி, தீனியை நிறுத்தி, கடலுக்குத் திரும்பும். முட்டையிட்டபின் வராது.

செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் பெலூகா என்னும் வெள்ளைத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. அவை ஒன்ராறியோ ஏரிக்கு வருவதில்லை, ஏரி அவற்றுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. செத்து ஒதுங்கிய பெலூகாக்களின் கொழுப்பைச் சோதித்தபோது அதில் மைரெக்ஸ் இருந்தது. இலையுதிர் காலத்தில் கடலுக்கு இறங்கும் விலாங்குகளை அவை தின்றதே இதற்கு முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். நயாகரா ஆலைக் கழிவு ஏரியில் இறங்கி, விலாங்கின் கொழுப்பில் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, ஒரு திமிங்கிலத்தின் உடலில் போய் அமர்ந்திருக்கிறது. அந்தத் திமிங்கிலத் தாயின் பாலிலும் கொழுப்பு உண்டு.

ஐரோப்பிய விலாங்குக்கும் இதே நிலை. நெதர்லாந்து தன் பேராறுகளில் டையாக்சின் என்ற இன்னொரு நஞ்சு காரணமாக 2011இல் விலாங்கு பிடிப்பதையே நிறுத்தியது.

சால்மன் குஞ்சும் கடலுக்குப் போகிறதே? வந்ததும் போனதும் கணக்குச் சரியாகிவிடாதா?

ஆகாது. நான்காம் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்: இறங்குவது கிராம், ஏறுவது கிலோ. ஆற்றுக்கு வரவுதான் அதிகம்.

விதிவிலக்கு உண்டு. ஆற்று முகமே கெட்டுப்போயிருந்தால் குஞ்சு அங்கேயே நஞ்சை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும். சியாட்டல் நகரின் டுவாமிஷ் ஆறு அப்படிப்பட்டது. சினூக் குஞ்சுகள் அதன் கழிமுகத்தில் தங்குவது சில வாரங்கள்தான். அதற்குள்ளேயே அவற்றின் உடலில் பி.சி.பி. கூடிவிடுகிறது. அந்நகரை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியைச் சுற்றி வாழும் ஓர்க்கா திமிங்கிலக் கூட்டத்துக்குச் சினூக்தான் முதன்மை உணவு. அந்தக் கூட்டத்தில் இன்று நூறு ஓர்க்காக்கள்கூட இல்லை.

அப்படியானால் அணையைக் கட்டி மீனைத் தடுப்பது நல்லதுதானே?

இந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி இது. மிச்சிகனில் மனிஸ்டீ, மஸ்கீகன், ஓ சேபிள் ஆறுகளில் அணைக்குக் கீழே உள்ள மீன்களையும் மேலே உள்ள மீன்களையும் 1990களில் ஒப்பிட்டார்கள். கீழே உள்ளவற்றில் மாசு மிக அதிகம், மேலே உள்ளவற்றில் குறைவு. அணைக்கு மேலே கூடு கட்டும் வெண்தலைக் கழுகுக்கு அணை ஒரு காவலாக இருந்தது. அணையைத் திறந்து மீனை விட்டால் கழுகின் முட்டைக்கு ஆபத்து என்ற வாதம் அங்கே உண்மையாகவே எழுந்தது.

ஆனால் பெரு ஏரிச் சால்மன் மனிதர் கொண்டுவந்து விட்டது. பசிபிக் கரையின் கதை வேறு. அங்கே சால்மன் கடலிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் சுமந்து வந்து வறண்ட மலை ஏரிகளுக்கு உரமாகிறது. கரடி இழுத்துப் போட்ட மீனின் நைட்ரஜன் கரையோர மரங்களில் இருக்கிறது. அந்த உயிர்ப்பாலத்தை உடைத்தால் நஞ்சும் நிற்கும், காடும் ஏரியும் பட்டினி கிடக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து அகற்றி மீனுக்கு வழிவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். பெரு ஏரிகளில் ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியாக, மேலே என்ன வாழ்கிறது, கீழே எவ்வளவு மாசு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கனராஸ்காவிலோ கிரெடிட் ஆற்றிலோ பிடித்த சால்மனைச் சாப்பிடலாமா?

ஒன்ராறியோ அரசு மீன் உண்பதற்கான வழிகாட்டியை வெளியிடுகிறது. எந்த நீர்நிலை, எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று பார்த்து, மாதத்துக்கு எத்தனை வேளை என்று அது சொல்லும். ஒரு வேளை என்பது 227 கிராம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனி எண், குறைந்த எண். மீன் நீளமாக நீளமாக எண் குறையும், சிலவற்றில் பூச்சியமாகும். மீன் பிடிக்கப் போகுமுன் அதைப் பாருங்கள், பிடித்த மீனை அளந்து பாருங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த எண்கள் தோலும் முள்ளும் நீக்கிய முதுகுச் சதைக்கு மட்டும் சொல்லப்பட்டவை. நாம் தலையைக் கூழுக்குப் போடுகிறோம், சினையைப் பொரிக்கிறோம், வயிற்றுக் கொழுப்பைத் தேடி எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். கொழுப்பு அதிகமுள்ள பகுதிகள் இவைதான். ஊரில் பாரை மீனுக்குச் சரியாக இருந்த வழக்கத்தைப் பெரு ஏரிச் சினூக்குக்குக் கொண்டுவராதீர்கள். இதைச் சொல்லும்போது அம்மம்மாக்களின் முகம் வாடும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சளும் புளியும் போட்டுக் கொதிக்கவைத்தால் முறிந்துவிடும் என்கிறார் அம்மா. உண்மையா?

உண்மையில்லை. மின்மாற்றிக்குள் பல ஆண்டுகள் வெப்பத்தைத் தாங்கவே பி.சி.பி.யை உருவாக்கினார்கள். அடுப்புச் சூடு அதை ஒன்றும் செய்யாது. குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்பில் இறங்கும், அதைச் சோற்றில் ஊற்றி நாமே சாப்பிட்டுவிடுவோம். தோலையும் முதுகு, வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட்டு, கொழுப்பு கீழே சொட்டும்படி கம்பி மேல் சுட்டால் பி.சி.பி.யும் மைரெக்ஸும் ஓரளவு குறையும். பாதரசம் தசையில் இருப்பதால் எப்படிச் சமைத்தாலும் குறையாது.

கடையில் வாங்கும் சால்மனையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். அலாஸ்கா சாக்கை பெரும்பாலும் மிதவை உயிர்களைத் தின்று வளர்வது, உணவுச் சங்கிலியில் கீழ்ப்படியில் இருப்பது, ஆயுளும் குறைவு. ஒரு சாக்கை மீனில் இருப்பது குறைந்த அளவுதான். இலட்சக்கணக்கான மீன்கள் ஒரே ஏரியில் சாகும்போதுதான் அது ஏரிக்குச் சுமையாகிறது. உங்கள் தட்டுக்கு வரும் ஒரு துண்டு வேறு கணக்கு. 2004இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனில் காட்டுச் சால்மனைவிட பி.சி.பி. கூடுதலாக இருந்தது. தீவனத்தில் சேர்த்த மீன் எண்ணெயே காரணம்.

ஊரில் உள்ள மீன்களுக்கும் இது பொருந்துமா?

வழிமுறை பொருந்தும். நம் ஆறுகளின் விலாங்கும் கடலில் முட்டையிடப் போவதுதான். வங்காள விரிகுடாவிலிருந்து கோதாவரியிலும் கங்கையிலும் ஏறும் ஹில்சா கொழுப்பு மிகுந்த மீன். ஆனால் சால்மனைப்போல ஓரிடத்தில் மொத்தமாகச் செத்துக் குவியாது, பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஆற்றில் விட்டுச்செல்லும் சுமை குறைவாகவே இருக்கும். காவிரியிலும் ஒரு காலத்தில் ஹில்சா ஏறியது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த மீன்பிடி மங்கிப்போனது.

தடை செய்து அரை நூற்றாண்டு ஆகிறதே? இன்னும் ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம்?

தடைக்குப் பலன் இருந்தது. பெரு ஏரி மீன்களில் பி.சி.பி.யும் மைரெக்ஸும் 1970களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. கழுகுகள் திரும்ப வந்தன. ஆனால் இவை வண்டலில் கிடந்து மெதுவாகக் கசிகின்றன, பழைய மின்மாற்றிகள் இன்னும் இருக்கின்றன. 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி. உள்ள கருவிகளை 2025க்குள் பயன்பாட்டிலிருந்து நீக்கவும் கழிவை 2028க்குள் முறையாக அகற்றவும் நாடுகளுக்குக் கெடு வைத்தது. இதற்கிடையே ஒட்டாத சட்டியிலும் தீயணைப்பு நுரையிலும் இருக்கும் பி.எஃப்.ஏ.எஸ். என்ற புதிய குடும்பம் மீன்களில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த மீனையே நம்பி வாழும் முதற்குடி மக்களிடம் போய், சாப்பிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டவர் என் மகள். அவளுக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கார்ன்வால் நகருக்கருகே, 1958இல் கட்டிய பெரிய மின் அணைக்குச் சற்றுக் கீழே, அக்வசாஸ்னே என்னும் மோஹாக் மக்களின் ஊர் இருக்கிறது. விலாங்குகள் ஏறியதும் இறங்கியதும் அவர்கள் வாசல் வழியாகத்தான். அருகிலிருந்த ஆலைகளின் பி.சி.பி. ஆற்றில் கலந்தது. மோஹாக் மருத்துவச்சி காட்ஸி குக், தங்கள் பெண்களின் தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கி, 1980களில் ஊர்ப் பெண்களையும் ஆய்வாளர்களையும் சேர்த்துச் சோதனைகளை நடத்தினார்.

மீனைக் குறையுங்கள் என்று சொல்லப்பட்டது, பெண்கள் குறைத்தார்கள். தாய்ப்பாலில் பி.சி.பி.யும் குறைந்தது. அறிவுரை பலித்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. மீன் இருந்த தட்டில் கடை உணவு வந்தது. வலை பின்னத் தெரிந்தவர்கள் பின்னுவதை நிறுத்தினார்கள். அந்த வேலையின்போது மட்டும் புழங்கிய மோஹாக் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இடமில்லாமல் போனது. "அந்த ஆலைக்காரர்களிடம் ஏன் முதலில் யாரும் சொல்லவில்லை?" என்று மகள் கேட்டாள். சொன்னார்கள் அம்மா, பல ஆண்டுகள் சொன்னார்கள் என்றேன்.